கூடைக்குள் ஒரு மச்சான்

முயல் வளர்ப்பது சுலபமான வேலை. ஆட்டைப்போலக் கத்தாது. கோழியைப்போல அடுத்த வீட்டுக்குப் போய் முட்டை வைத்துவிட்டு வராது. ஈரப்புல்லைப் போடாமல், பூனைக்குக் காட்டாமல், கடித்து விளையாட ஒரு மரத்துண்டைப் போட்டுவைத்தால் போதும். அது பாட்டுக்கு இருக்கும். முயலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. வளர்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் பாஞ்சாலி அந்த முயலைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஊர்க்கவுண்டரே, என்னைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்திக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் சின்னராசு என்மேல் பிராது சொல்லியிருக்கிறார். அதில் அவர் பயன்படுத்தியிருப்பது கொஞ்சம் பெரிய சொல். அந்தச் சொல்லுக்கு நான் பிறகு வருகிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிட்டால் உங்களுக்கே புரிந்துவிடும்.

என் நாத்தனார் அம்மாக்கண்ணுவின் புருஷன் சடையன் புளி உலுக்க மரம் ஏறியபோது கிளை முறிந்து விழுந்து இறந்தார். முறைக்கு அவர் எனக்கு அண்ணன். ஆகவே மரியாதையாகவே பேசுகிறேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மாக்கண்ணு ஒரு துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் முகம் சுளிக்கவில்லை. அதை அவளே சொல்வாள்.

அவள் பாரமாக இருக்கவில்லை. விடிவதற்குள் தண்ணீர் எடுத்து, தொழுவத்தைக் கூட்டி, அன்றைக்கு வேண்டிய சாமையைக் குத்திப் புடைத்து வைத்துவிடுவாள். வந்த புதிதில் நான் எழுந்து உதவிக்குப் போனேன். “நீ படு அண்ணி, நான் பாத்துக்கறேன்” என்றாள். அவள் மனம் நோகக் கூடாது என்று படுத்துக்கொண்டேன். பிறகு தினமும் அவள் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டேன். வெயில் முகத்தில் விழும்வரை தூங்குவது என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அப்படித் தூங்கியதில்லை.

சாமை குத்தியவர்களுக்குத்தான் அந்த வேலை தெரியும். ஜமுனாமரத்தூரில் மாவு மிஷின் வந்துவிட்டது, உண்மைதான். அது கேழ்வரகை அரைத்துத் தரும். சாமைக்கு உலக்கையும் தோளும்தான்.

அப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோபால்சாமி வர ஆரம்பித்தார். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், பெண்சாதியை இழந்தவர். புளியும் தேனும் படவேட்டுக்குக் கொண்டுபோய் விற்றுவருகிறவர். நல்ல மனுஷன். நம் மலையில் தாலி இழந்தவள் மறுபடியும் கட்டிக்கொள்வது குற்றம் இல்லை. அவர் வாசலில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரிடம் மழையைப் பற்றிப் பேசுவார். கண் மட்டும் உரல் பக்கம் இருக்கும். அம்மாக்கண்ணு தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவ ஆரம்பித்தாள். ஒருநாள் உலக்கை போடும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாடினாள்.

அந்தப் பாட்டைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவளை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். புது இடம், புது ஆள். அங்கே எவ்வளவு சாமை குத்த வேண்டியிருக்குமோ. இங்கே என்றால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும்.

முயல் வந்தது அந்தச் சமயத்தில். ஜமுனாமரத்தூரில் ஓர் அதிகாரிக்குத் திருப்பத்தூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. அவர் வீட்டுப் பிள்ளைகள் ஆசையாக வளர்த்த முயலைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டான். சந்தைக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் கையில் அதைக் கொடுத்துவிட்டு அவர்கள் மலை இறங்கிவிட்டார்கள். வெள்ளை முயல், சிவந்த கண். நம் காட்டு முயலைப் பார்த்தால் நமக்குக் குழம்பு ஞாபகம்தான் வரும். இதைப் பார்த்தால் அப்படி வரவில்லை. யாரோ வீட்டுக்கு வந்திருப்பதுபோல இருந்தது. அம்மாக்கண்ணு அதை மடியில் வாங்கிக்கொண்டாள். பழைய மூங்கில் கூடையில் வைக்கோலைப் பரப்பி நான்தான் இடம் செய்து கொடுத்தேன்.

சடையன் அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சோறு வரத் தாமதமானால் வாயைத் திறந்து கேட்க மாட்டார். குதிகாலால் தரையில் ஓங்கி ஓர் உதை. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மாக்கண்ணு எங்கே இருந்தாலும் ஓடி வருவாள். ஓடி வராத நாட்களில் என்ன நடந்தது என்பது அவள் முதுகுக்குத் தெரியும்.

முயலும் பயந்தால் பின்னங்காலால் தரையை உதைக்கும். எல்லா முயலும் அப்படித்தான். அன்று என் கையிலிருந்து சொம்பு நழுவி விழுந்தது. முயல் ‘தொம்’ என்று ஒரு உதை உதைத்தது. அடுப்படியில் இருந்த அம்மாக்கண்ணு கஞ்சித் தட்டோடு ஓடி வந்து நின்றாள். நின்ற பிறகுதான் எதிரில் இருப்பது முயல் என்று பார்த்தாள்.

“அண்ணி, அவரு மாதிரியே ஒதைக்குது அண்ணி” என்றாள்.

“ஆமா” என்றேன்.

நான் சொன்னது அந்த ஒரு சொல்தான். முயலுக்குள் சடையன் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மனுஷருக்கு ஓர் எண்ணம் வந்தால் அதைப் போய்க் கலைப்பது எனக்குப் பழக்கம் இல்லை.

கலைக்காததோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் கூடச் செய்தேன். சடையன் அண்ணனின் பழைய துண்டு ஒன்று அவள் மூட்டையில் இருந்தது. அதை எடுத்துச் சில நாள் கூடையின் அடியில் வைக்கோலுக்குள் போட்டுவைத்தேன். முயல் அதிலேயே படுத்துப் பழகிவிட்டது. பிறகு அந்தத் துண்டை மற்றத் துணிகளோடு சேர்த்துக் காயப் போட்டேன். முயல் கூடையை விட்டு வந்து எல்லாத் துணியையும் தாண்டிப்போய் அந்தத் துண்டின் கீழே உட்கார்ந்துகொண்டது. அம்மாக்கண்ணு பார்த்துக்கொண்டே நின்றாள். சடையன் அண்ணன் எப்போதும் புளியந்துளிரை மென்றுகொண்டிருப்பார். முயலுக்கு வேறெந்தத் தழையும் போடாமல் வைத்திருந்துவிட்டு அவள் எதிரில் புளியந்துளிரை நீட்டினால் அது வேண்டாம் என்றா சொல்லும்.

இதெல்லாம் ஒரு பெண்ணின் ஆறுதலுக்காகச் செய்தது. புருஷனை இழந்தவளுக்கு அவன் பக்கத்திலேயே இருக்கிறான் என்று தோன்றினால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

கோபால்சாமி சம்மதம் கேட்க வந்த அன்று ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய மலைத்தேன் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரரும் வாசலில் இருந்தார். முயல் அம்மாக்கண்ணுவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நான் கதவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றேன்.

“இன்னா அம்மாக்கண்ணு, யோசிச்சு சொல்றேன்னியே” என்றார் கோபால்சாமி.

கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. முயல் ஓங்கி உதைத்தது.

அம்மாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். “அவருக்கு இஷ்டமில்ல.”

“யாருக்கு?”

அவள் முயலைக் காட்டினாள்.

“மொயலுக்கா?”

“மொயலுன்னு சொல்லாத. மருவாதியா பேசு.”

கோபால்சாமி முயலைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் முயலைப் பார்த்து, கட்டிலிலிருந்து மெதுவாக எழுந்து நின்றுகொண்டார்.

“சரி, அப்பால வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கோபால்சாமி போய்விட்டார். தூக்கை எடுத்துப்போக மறந்துவிட்டார். நல்ல தேன்.

அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் வெயில் முகத்தில் விழுந்தபோது எழுந்து பார்த்தால், உரலடியில் சாமை அப்படியே கிடந்தது. அம்மாக்கண்ணு முயலை மடியில் வைத்துக்கொண்டு காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டிருந்தாள்.

“உடம்புக்கு இன்னா?” என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி. அவருதான் சொல்றாரு, என் தோள்பட்ட எறங்கிப்போச்சாம். இனிமே ஒலக்கய தொடக்கூடாதாம்.”

“உசுரோட இருந்தப்ப ஒருநாளும் அப்படிச் சொல்லலியேடி அந்த மனுஷன்.”

“செத்து திருந்திட்டாரு அண்ணி” என்றாள்.

அன்று நான் சாமை குத்தினேன். மறுநாளும் நான்தான் குத்தினேன். தண்ணீர்க் குடம் தூக்கினால் அவள் இடுப்பு வலிக்கும் என்று அவருக்குக் கவலையாம். தொழுவத்து வாடை அவருக்கு ஆகவில்லையாம்; கூட்டிவிட்டு வந்து அவள் தொட்டால் தும்முகிறாராம். அவர் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கேட்கிறார் என்றாள்; தோண்டிக் கொண்டுவந்தேன். பாதியை அவர் தின்றார். மீதிப் பாதியைச் சுட்டு அவள் தின்றாள்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் சூது தெரியாதவர். மச்சான் எதிரில் கட்டிலில் உட்காருவதை விட்டுவிட்டார். பீடி பிடிக்க வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னால் போனார். டிரான்சிஸ்டரைச் சத்தமாக வைத்தால் மச்சானுக்குக் காது வலிக்கும் என்று மூலையில் போட்டுவிட்டார். விதைப்புக் காலத்தில் முயல் எதிரில் ஒரு பிடி சாமையும் ஒரு பிடி கேழ்வரகும் வைத்து, “மச்சான், நீயே சொல்லு” என்று கைகட்டி நின்றார். முயல் கேழ்வரகில் வாய் வைத்தது. கேழ்வரகு போட்டார். அந்த வருஷம் கேழ்வரகுதான் விளைந்தது.

அதற்குப் பிறகு ஊரே வர ஆரம்பித்தது. யார் யார் வந்தார்கள் என்று சொல்லி யாரையும் சங்கடப்படுத்த எனக்கு விருப்பம் இல்லை. ஊர்க்கவுண்டரே, உங்கள் காளை காணாமல் போனபோது நீங்களும் வந்தீர்கள். முயல் காதைத் திருப்பிய திசையில்தான் காளை அகப்பட்டது. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தது யார் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள்.

இதை நிறுத்த நான் நேர்மையான வழிகளையும் பார்த்தேன். ஒருநாள் அம்மாக்கண்ணுவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். துண்டைக் கூடைக்குள் வைத்தது நான், சொம்பைப் போட்டது நான், கரண்டியைப் போட்டது நான் என்றேன். சொம்பு தானாக விழுந்ததுதான். கணக்கு நேராக இருக்கட்டும் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். “ஒனக்கு அந்த புத்திய குடுத்ததே அவருதான் அண்ணி. இல்லன்னா ஒனக்கு எப்படித் தோணும்?” என்றாள்.

நான் எழுந்து மோர் கடையப் போனேன்.

பிறகு மாட்டுக்கு ஊசி போடும் கம்பவுண்டர் சக்கரவர்த்தி எங்கள் பக்கம் வந்தார். அவரைக் கூப்பிட்டு மோர் கொடுத்து, முயலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். என் வீட்டுக்காரரும் அம்மாக்கண்ணுவும் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அவர் முயலைப் புரட்டி, விரலால் மயிரை ஒதுக்கிப் பார்த்தார்.

“பொட்டைங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சானை அந்தக் கோலத்தில் பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். நான் அம்மாக்கண்ணுவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல வந்தது. அவளிடம் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“நல்லதுதான்” என்றாள். “இந்தப் பொறப்புலயாவது பொம்பளயா இருந்து பாக்கட்டும்.”

கம்பவுண்டர் மோரை முழுக்கக் குடிக்காமலேயே கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். மத்தியானத்தில் ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூடையோடு போய் உட்காருவாள். ஒருநாள் விறகு எடுக்கப் போனபோது குரல் கேட்டது.

“அன்னிக்கு கஞ்சியில கல்லு இருந்துதுன்னு ஒலமூடியால அடிச்சியே. நெனப்பு கீதா? எனக்கு கீது. இந்தா, தின்னு. அம்மா வூட்டுக்கு போறேன்னு சொன்னதுக்கு ரா முச்சூடும் வெளிய நிக்க வச்சியே. அன்னிக்கு மழ. சொல்லு, இப்போ சொல்லு. காத ஆட்டாத. நேரா பாரு என்னய.”

முயல் தின்றுகொண்டிருந்தது. அவள் குரல் சண்டை போடுவதுபோல இல்லை. கணக்குப் பார்ப்பதுபோல இருந்தது. சொல்லி முடித்ததும் கூடையை மூடி, மூடிமேல் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டாள்.

எனக்கு அன்றுதான் புரிந்தது. இவள் இனி எங்கேயும் போக மாட்டாள். புருஷனைக் கூடைக்குள் போட்டு மேலே உட்கார்ந்திருக்கிற பெண் எதற்காகப் போக வேண்டும். நான் அவளை வீட்டில் வைத்திருக்க நினைத்தேன். அவள் வீட்டில் இருந்தாள். உலக்கை மட்டும் என் கைக்கு வந்துவிட்டது.

ஆகவே சந்தைக்குப் போய்க் கோபால்சாமியைப் பார்த்தேன். அவரிடம் மறைக்கவில்லை.

“அவள இன்னும் கட்டிக்க ஆச இருக்குதா?” என்று கேட்டேன்.

“ஆச போவல” என்றார். “மொயலு ஒத்துக்குமா?”

“அத நான் பாத்துக்கறேன். நீ வந்து மருவாதியா அவரையே கேளு.”

கோபால்சாமி வந்தார். இந்த முறை தேனை முயல் எதிரில் வைத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “அண்ணாத்தே, ஒங்க வூட்டம்மாவ நான் வச்சு காப்பாத்தறேன். கைய நீட்ட மாட்டேன். ஒங்க மேல ஆணை” என்றார். அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். அம்மாக்கண்ணு அவரை வெகுநேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு முயலைத் தூக்கி அதன் வாயைத் தன் காதுப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“சரின்றாரு” என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு நாள் பார்த்தோம். விருந்துக்கு எங்கள் ஆட்டுக்கடாவை வெட்டலாம் என்று நான்தான் சொன்னேன். முயலையும் கூடையையும் அவளோடு அனுப்பிவைக்கப் புது வைக்கோல்கூடத் தனியாக எடுத்துவைத்தேன்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

“அவரு வர மாட்டாராம் அண்ணி.”

“எங்க வர மாட்டாராம்?”

“அங்க. பொண்டாட்டியோட புதுப் புருசன் வூட்ல போய் எப்படி இருப்பாரு. மானம்னு ஒண்ணு இருக்குதுல்ல. மச்சான் வூட்லயே இருந்துக்கறேன்றாரு. அண்ணி கைச்சோறுதான் புடிச்சிருக்குதாம்.”

என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “மச்சான் கடசி வரைக்கும் நம்ம வூட்லதான்” என்றார்.

அம்மாக்கண்ணு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை. சும்மா பார்த்தாள். அவள் எதை நம்பினாள், எதை நம்பவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளிடம் நான் கேட்கவும் போவதில்லை.

யோசித்துப் பாருங்கள். அவள் போய்விடுவாள். சாமையும் தண்ணீரும் தொழுவமும் எனக்கு. அதற்கு மேல் வாசலில் கூட்டம், மோர், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அவர் தூங்கும்போது நான் இருமக் கூடாது. அவர் எதிரில் தலையில் முந்தானை இல்லாமல் நடக்கக் கூடாது. ஊர் அதையும் எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தது, நானும் ஏனோ முன்பிருந்தே போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அவசரத்தில் என் கால் கூடையில் இடித்துவிட்டது. உள்ளேயிருந்து ‘தொம்’ என்று ஓர் உதை. நான் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கஞ்சித் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடி வந்து நின்ற பிறகுதான் என்ன செய்கிறேன் என்று பார்த்தேன். அம்மாக்கண்ணு கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

என்னை மிரட்டுகிற அளவுக்கு அது ஒன்றும் பெரிய பிராணி இல்லை. கையில் தூக்கினால் ஒரு பூசணிக்காய் கனம்தான் இருக்கும்.

கல்யாணத்தன்று காலையில் எல்லாரையும் ஒவ்வொரு வேலையாக வெளியே அனுப்பினேன். என் வீட்டுக்காரரைத் தேக்கிலை பறிக்க அனுப்பினேன். அம்மாக்கண்ணுவைத் தலைக்குக் குளிக்கப் பெண்கள் ஓடைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். நான் முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கூடையைத் திறந்தேன். முதலில் புளியந்துளிர் கொடுத்தேன். நிதானமாகத் தின்னட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, “அண்ணா, கோச்சுக்காதீங்க. நல்ல காரியம் நடக்கற வூடு. நீங்க இருந்தா சரிப்படாது” என்றேன். அது என்னைப் பார்த்தது. உதைக்கவில்லை. சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கழுத்தை ஒரே திருப்பு. அதிகம் கஷ்டப்படவில்லை. ஒருவரை வழியனுப்புகிறபோது நாம் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. காலைத் தொட்டுக் கும்பிட்டேன். தோலைக் கொட்டகைக்குப் பின்னால் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். கறியைச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு ஆட்டுக்கறிக் குழம்போடு சேர்த்துவிட்டேன்.

ஏன் சேர்த்தாய், தனியாகப் புதைத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். வீட்டில் கல்யாணம். கறி பற்றாமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. நல்ல இளங்கறியை மண்ணில் போட எனக்கு மனசு வரவில்லை.

தாலி கட்டி முடிந்து பந்தி உட்கார்ந்தது. நானே பரிமாறினேன். எந்தத் துண்டு எது என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை இலையிலும் பெண் இலையிலும் நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் இரண்டாம் தரமும் கேட்டார்; போட்டேன். ஊர்க்கவுண்டரே, நீங்களும் எலும்பைக் கடித்துச் சுவைத்துச் சாப்பிட்டீர்கள். அம்மாக்கண்ணு ரசித்துத் தின்றாள். அவள் அவ்வளவு நிறைவாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்கே மனசு குளிர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நாய் கொட்டகைக்குப் பின்னால் மண்ணைக் கிளறியிருக்கிறது. பந்தி முடிவதற்குள் வெள்ளைத் தோலைக் கவ்விக்கொண்டு பந்தலுக்குள் வந்தது. வந்த நாய் நேராக அம்மாக்கண்ணுவின் முன்னால் போட்டது. காது இரண்டும் அதில் அப்படியே இருந்தன.

என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், “மச்சான்” என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். கோபால்சாமி வாயைப் பொத்திக்கொண்டு வேலிக்கு அந்தாண்டை ஓடினார். அவர் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. நீங்கள் எல்லாரும் எழுந்து நின்றுகொண்டீர்கள்.

அம்மாக்கண்ணு மட்டும் எழுந்திருக்கவில்லை. தோலை வெகுநேரம் பார்த்தாள். இலையில் இன்னும் ஒரு துண்டு இருந்தது. அதை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“உசுரோட இருந்த வரைக்கும் இவ்ளோ பதமா இருந்ததில்ல, அண்ணி” என்றாள்.

கை கழுவிவிட்டுப் புருஷனைத் தேடிக்கொண்டு வேலிப் பக்கம் போனாள். முதுகைத் தடவிக் கொடுத்து, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, சாயங்காலம் அவரோடு ஓடையைத் தாண்டிப் போய்விட்டாள். நன்றாக இருக்கிறாளாம். சாமை குத்துவதற்கு அவரும் கூட ஒரு உலக்கை பிடிக்கிறாராம். நான் அவளுக்குச் செய்தது நல்லதில்தான் முடிந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அன்றிலிருந்து என் கையால் சாப்பிடுவதில்லை. நான் கொலை செய்துவிட்டேன் என்று பிராது சொல்லியிருக்கிறார். முதலில் நான் சொன்ன பெரிய சொல் அதுதான். மச்சானைக் கொன்றேன், கொன்றதோடு விடாமல் ஊருக்கே ஊட்டினேன் என்கிறார். இந்தக் கூட்டத்திலும் சிலர் அப்படி நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தின்றவர்கள் நினைக்கத்தான் செய்வார்கள்.

நான் செய்ததை மறைக்கவில்லை. துண்டு வைத்தேன், கரண்டி போட்டேன், கழுத்தைத் திருகினேன், குழம்பில் போட்டேன், தெரிந்தே பரிமாறினேன். அதற்கு என்ன தண்டம் போடுகிறீர்களோ போடுங்கள், கட்டிவிடுகிறேன். ஆனால் முயலுக்கான தண்டம்தான் போட வேண்டும். மனுஷனுக்கானது போடக் கூடாது. வந்த நாளிலிருந்து போன நாள்வரை அது வெறும் முயல்தான், அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அதனால்தான் கருமாதிக்குக்கூட உங்கள் யாரையும் கூப்பிடாமல், ஓடைக்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டு நான் ஒருத்தியே சின்னதாக முடித்துவிட்டேன்.